மிதித்தால் இறுகும்

காலை ஏழரை. மலைப்பாதையின் நான்காம் வளைவுக்குப் போலீஸ் வண்டி வந்து சேர்வதற்குள் அந்தப் பெண்ணை ஆம்புலன்ஸ் கொண்டுபோய்விட்டது. ரோட்டில் மிஞ்சியது ஒரு பழைய பந்தய சைக்கிள். அதற்கு இரண்டு எட்டு தள்ளி, பல் வைத்த கையகல இரும்பு வட்டம் ஒன்று தனியாகக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து அதை எடுத்தார். அந்த அம்மாளுக்கு ஸ்டேஷனில் முதுகுக்குப் பின்னால் 'திருகாணி' என்று பெயர். கேள்வி கேட்க ஆரம்பித்தால் சுற்றுக்குச் சுற்று உள்ளே இறங்குவார் என்பது ஒரு காரணம். ஸ்டேஷன் மின்விசிறி முதல் லாக்கப் பூட்டு வரை எதையும் கழற்றிப் பார்க்காமல் விட்டதில்லை என்பது இன்னொன்று.

"இது என்ன?"

"ஃப்ரீவீல் மேடம்." சொன்னவர் சைக்கிள் கிளப்பின் பயிற்சியாளர். ஒரு காலத்தில் பெரிய பந்தய வீரர். எல்லோருக்கும் 'மாஸ்டர்'. சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். "பின் சக்கரத்துல இருக்கும். செயின் இது மேலதான் ஓடும்."

இன்ஸ்பெக்டர் பற்களைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பினார். உள்வட்டமும் சேர்ந்து சுற்றியது. மறுபக்கம் திருப்பினார். பற்கள் மட்டும் 'டிக் டிக் டிக்' என்று சுற்ற, உள்வட்டம் அசையாமல் நின்றது. மிதித்தால் சக்கரத்தை இழுக்கும், மிதிக்காவிட்டால் சக்கரத்தை அதன் போக்கில் ஓடவிடும். இறக்கத்தில் கால் அசைக்காமல் வரும் சைக்கிளில் கேட்கிற டிக் டிக் இதன் குரல்தான்.

"என்ன நடந்துச்சு?"

"பழைய சைக்கிள் பந்தயம் வருது மேடம். எல்லாரும் அந்தக் காலத்து வண்டியிலதான் ஓட்டணும். அதுக்குப் பயிற்சி. பாப்பா முன்னாடி ஏறிட்டு இருந்தா. நான் கிளப் ஜீப்ல பின்னாடி வந்தேன்."

"எவ்வளவு பின்னாடி?"

"ஒரு வளைவு."

"விழுந்ததைப் பார்த்தீங்களா?"

"இல்ல. திரும்பி வந்தா கீழ கிடக்கா. இது கழண்டு தனியாக் கிடக்கு. உடனே போன் பண்ணிட்டேன்."

"ஏன் கழண்டுச்சு?"

மாஸ்டர் பள்ளத்தாக்கைப் பார்த்தார். "இறுக்காம விட்டிருக்காங்க."

"யாரு?"

"கிளப் மெக்கானிக். பாப்பாவோட அக்கா."

பக்கத்தில் நின்ற ஏட்டு, "அடப் பாவமே" என்றார்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளருகே உட்கார்ந்தார். சட்டத்தை விட்டு வெளியே வந்து கிடந்த பின்சக்கரத்தின் விளிம்பு பின்பக்கமிருந்து உள்ளே மடங்கியிருந்தது. சக்கரத்தின் நடுவே துருத்திய அச்சை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அது திரும்பவில்லை. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் மணலில் சிக்கினாற்போலக் கரகரத்து நின்றது.

சீட்டுக்கு அடியில் சின்ன தோல்பை. அதன் வார் மாட்டியபடி இருந்தது. கொக்கியின் மேல் செம்மண் தூசு கலையாமல் படிந்திருந்தது. திறந்தார். பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் நெம்புகோல் இரண்டு, துணியில் சுற்றிய ஓர் எஃகுத் துண்டு. மெல்லிய குழாயை வெட்டி எடுத்ததுபோல இருந்தது. ஒரு முனையில் எதிரெதிராக இரண்டு பல்.

"ஏட்டையா, இது என்னன்னு தெரியுதா?"

"மோதிரத்துக்குப் பல்லு மொளச்ச மாதிரி இருக்கு மேடம்."

"சரியா சொன்னீங்க. எல்லாத்தையும் வண்டியில ஏத்துங்க. சக்கரத்த யாரும் தொடக்கூடாது."

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. பெண் இறந்துவிட்டாள். டாக்டரின் குரலில் சூடு இருந்தது. "உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. இருபது நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருப்பேன். ஏன் இவ்வளவு லேட்டு?"

அந்தக் கேள்வியை இன்ஸ்பெக்டர் விடவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போனது ஏழு பத்துக்கு. பால்வண்டிக்காரர் ஒருவர் ஆறரைக்கு அந்தப் பெண் மூன்றாம் வளைவில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தார். மூன்றிலிருந்து நான்காம் வளைவுக்கு நடந்தே போனாலும் பத்து நிமிஷம் ஆகாது.

*

பதினோரு மணிக்குக் கிளப் பட்டறை. நீளமான தகரக் கூடம். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் மாட்டியிருந்தது. எண்ணெய்த் துணிகூட மடித்து வைக்கப்பட்டிருந்தது. இங்கே வேலை செய்பவர் அலட்சியக்காரர் என்று நம்புவது கஷ்டம்.

ஆனால் வாசலில் நின்ற, இறந்தவளின் தாய் நம்பிவிட்டாள்.

"உன் கையால மாட்டுன சாமான்தானே?"

"ஆமாம்மா."

"வேற யாரும் தொட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப உன் கைதான்டி அவளக் கொன்னுச்சு! சாயங்காலம் தெருமுனையில டிக்குடிக்குனு சத்தம் கேட்டா அடுப்ப மூட்டுவேன். இனிமே எந்தச் சத்தத்தக் கேட்டு மூட்டுவேன்? சொல்லுடி!"

மூத்தவள் அழவில்லை. கறை படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு, யாரையாவது அடித்துவிடுவாள் போல நின்றாள். அவளுக்கு அடிக்கக் கிடைத்த ஆள் அவளே.

"கழண்டு விழாது மேடம்," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "விழவே விழாது. ஆனா விழுந்திருக்குன்னு சொல்றாங்க. அப்ப நான்தான் மரைய ஒழுங்கா ஏத்தாமக் கோணலா மாட்டியிருக்கணும். அதத் தவிர வேற வழியே இல்ல. சக்கரத்த ஒரு தடவ காட்டுங்க."

"இவ எதுக்குப் பாக்கணும்?" என்று குறுக்கே வந்தது ஒரு கனத்த குரல். கிளப் செயலாளர். ஊரில் பாதி லாரி அவருடையது. கிளப்புக்கு ஜீப் கொடுத்தவர் அவர். பட்டறைக்குப் பின்னால் மாஸ்டர் குடியிருக்கும் வீட்டைக் கொடுத்தவரும் அவர். "மரையே பிஞ்சு போச்சுன்னு தெரியுது. எங்க லாரித் தொழில்ல கிளீனருக்குக்கூட இது தெரியும் மேடம். நட்ட இறுக்காம விட்டா சக்கரம் தன் வழியப் பாத்துக்கிட்டுப் போயிரும். கிளப் பேரு கெட்டாலும் பரவால்ல, கேஸப் போடுங்க."

"காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆபீஸ்ல. ஆறு மணிக்கே வந்துருவேன்."

"கூட யாரு?"

"அந்த நேரத்துல யாரு இருப்பா? தனியாத்தான்."

இன்ஸ்பெக்டர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "ஃப்ரீவீல எப்ப மாட்டுன? எந்த ஸ்பேனர் போட்டு இறுக்குன?"

"முந்தாநாள். ஸ்பேனர் எதுவும் போடல. கையாலதான்."

"கேட்டீங்களா!" செயலாளர் தொடையைத் தட்டினார். "அவளே ஒத்துக்கிட்டா!"

"யாருமே இறுக்க மாட்டாங்க மேடம், அது வந்து..."

அவள் முடிக்கவில்லை. தாயின் கை அவள் கன்னத்தில் விழுந்தது. தகரக் கூடம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. மூலையில் நின்ற மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏட்டையா," என்றார் இன்ஸ்பெக்டர், "இந்தப் பொண்ண வண்டியில ஏத்துங்க."

செயலாளர் திருப்தியாக மீசையைத் தடவினார். வெளியே வரும்போது இன்ஸ்பெக்டர் கிளப் ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். முகப்பில் நான்கு போல்ட் துளைகள். அவற்றைச் சுற்றி வண்டியின் பெயிண்ட் வெயிலே படாததுபோலப் பளிச்சென்று இருந்தது. அங்கே ஏதோ ரொம்ப நாள் மாட்டியிருந்து, சமீபத்தில்தான் கழற்றப்பட்டிருக்கிறது.

"முன்னாடி கம்பித் தடுப்பு எங்க மாஸ்டர்?"

"வெல்டிங்குக்கு... போயிருக்கு மேடம்."

வண்டியில் ஏறியதும் இன்ஸ்பெக்டர் ஏட்டிடம் ஒரே வரியில் சொன்னார்: "ஊர்ல இருக்கிற வெல்டிங் கடை எல்லாத்தையும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

*

ஸ்டேஷன் மேஜையில் காகிதம் விரித்து, அதன் மேல் சக்கரத்தையும் ஃப்ரீவீலையும் வைத்திருந்தார்கள். மெக்கானிக் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உக்காரு. பட்டறையில சொல்ல வந்தத இப்ப சொல்லு. யாரும் அடிக்க மாட்டாங்க."

அவள் உட்காரவில்லை. ஆனால் சொன்னாள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு வேகமாக.

"சக்கரத்தோட நடு உருளைதான் ஹப்பு. ஃப்ரீவீல் அதோட மரையிலதான் ஏறும், பாட்டில் மூடி மாதிரி. எந்தப் பக்கம் திருப்புனா மூடி இறுகுமோ, அதே பக்கம்தான் செயின் இழுக்கும். மிதிக்க மிதிக்க இன்னும் இறுகிக்கிட்டே போகும். அதனாலதான் ஸ்பேனர் போட்டு இறுக்குறதில்ல. ஓட்டுறவங்க காலுதான் ஸ்பேனர். அவ நேத்து முழுக்க இதுல மலை ஏறியிருக்கா. அவ காலுக்கு என்ன பலம்னு உங்களுக்குத் தெரியாது."

"பின்னாடி மிதிச்சா?"

"டிக்குடிக்குனு சும்மா சுத்தும். பல்லு சுத்துமே தவிர, மரை இருக்கிற உள்வட்டம் நகராது."

இன்ஸ்பெக்டர் ஃப்ரீவீலை அவளிடம் நீட்டினார். "மரைய பாரு. ஹப்பு மரையையும் பாரு."

அவள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நகத்தை மரைப் பள்ளத்தில் விட்டு ஒரு சுற்று ஓட்டினாள். கோணலாக மாட்டி, பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் மரை கிழிந்து இரும்புத் தூளாகத் தொங்க வேண்டும். இங்கே ஒரு கீறல் இல்லை. அவள் பூசிய கிரீஸ் அப்படியே, வரி வரியாக இருந்தது.

"பிய்யல," என்றாள்.

"பிய்யல. மரை ஒழுங்கா ஏறியிருக்கு, சுத்துக்குச் சுத்து ஒழுங்கா இறங்கியிருக்கு. கழண்டு விழுந்த சாமான் இல்ல இது. கழட்டி வெச்ச சாமான்."

துக்கம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. சக்கரத்தை இழுத்து அச்சைத் திருகினாள். அது கரகரத்தது.

"இத யாரு இப்படி இறுக்குனது? நான் மாட்டி விட்டா அச்சு விரல் பட்டாலே சுத்தும்! உள்ள இருக்கிற பேரிங் குண்டெல்லாம் நசுங்குற மாதிரி எவன் இறுக்குனான்?"

"விழுந்ததுல அப்படி ஆயிருக்காதா?"

"விழுந்தா வளையும், உடையும், லூசாகும். எந்த விபத்தாவது நட்டை இறுக்குமா மேடம்?"

"நானும் காலையில அதத்தான் யோசிச்சேன்." இன்ஸ்பெக்டர் துணிப்பொட்டலத்தைப் பிரித்தார். "இது என்ன?"

"ஃப்ரீவீல் ரிமூவர். லேத்துல கொடுத்து நான் செஞ்சது."

ஃப்ரீவீலின் வாய்க்குள், உள்வட்டத்தில் எதிரெதிராக இரண்டு பள்ளம் இருக்கும். ரிமூவரின் இரண்டு பல்லும் அவற்றில் உட்கார வேண்டும். பிறகு, வழுக்காமலிருக்க அச்சு நட்டை அதன் மேல் போட்டுப் பிடித்து, நீளமான ஸ்பேனரால் எதிர்ப்பக்கம் நெம்ப வேண்டும். உள்வட்டத்தைப் பிடிக்க வேறு வழியே கிடையாது. பற்களைப் பிடித்து நெம்பினால் விடிய விடிய டிக் டிக்தான்.

ஆனால் பல் பொருந்தினால் மட்டும் போதாது. இந்தப் பழைய ஹப்பில் அச்சைச் சுற்றி ஒரு லாக் நட்டும் அதற்குக் கீழே ஒரு ஸ்பேசர் வளையமும் உண்டு. அவற்றுக்கும் ஃப்ரீவீல் வாய்க்கும் நடுவே இருப்பது நூல் இடைவெளி. கடையில் விற்கும் ரிமூவருக்குச் சுவர் தடிமன். ஸ்பேசரில் முட்டி நின்றுவிடும். அதைத்தான் போடுவேன் என்றால் லாக் நட்டையும் ஸ்பேசரையும் கழற்ற வேண்டும், வேலை முடிந்து திரும்பப் போட வேண்டும். போடும்போது அச்சு இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. அந்தப் பதம் பார்ப்பதற்கே பொறுமை வேண்டும்.

"அதனாலதான் இதச் சன்னமாக் கடைஞ்சேன்," என்றாள். "ஸ்பேசரக் கழட்டாமலே உள்ள போயிரும்."

இன்ஸ்பெக்டர் பென்சில் முனையால் ஸ்பேசரைத் தொட்டார். அதன் விளிம்பில் பளபளவென்று புதிய வட்டக் கீறல். "ஏதோ வந்து இங்க முட்டியிருக்கு."

"தடிச்ச ரிமூவர். முட்டியிருக்கு, உள்ள போகல. அப்புறம் நட்டையும் ஸ்பேசரையும் கழட்டியிருக்காங்க. திரும்பப் போடத் தெரியாம இறுக்கித் தள்ளியிருக்காங்க."

"தடிச்சது எங்க இருக்கு?"

"ஜீப்பு டூல் பாக்ஸ்ல."

"சன்னமானது சீட்டுப் பைக்குள்ள இருக்குன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"ஓட்டுற எல்லாருக்கும். வலப்பக்கம் ஸ்போக் உடைஞ்சா ஃப்ரீவீலக் கழட்டாம மாத்த முடியாது. அதான் ஒவ்வொரு வண்டிக்கும் ஒண்ணு செஞ்சேன். மாஸ்டர் சொல்லித்தான் பையில போட்டோம். நேத்துகூட, 'பையில போட்டியா'ன்னு அவரு கேட்டாரு."

"வேற யாருக்கும்?"

"வேற யாரு மேடம் எங்க சைக்கிளத் தொட்டிருக்கா?"

இன்ஸ்பெக்டர் ஃப்ரீவீலைக் கீழே வைத்த வேகத்தில் மேஜை அதிர்ந்தது. கோபம் அவருக்கும் தொற்றிவிட்டது.

*

மாலை ஐந்து. பட்டறையில் தாய், மெக்கானிக், மாஸ்டர், செயலாளர். வாசலை அடைத்துக்கொண்டு ஏட்டு. இன்ஸ்பெக்டர் வேலை மேஜைமேல் சக்கரத்தை வைத்தார்.

"மாஸ்டர், நீங்க பந்தயம் ஓட்டுன காலத்துல உங்க ஃப்ரீவீல யாரு இறுக்குனா?"

மாஸ்டர் ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா."

"யாரும் இறுக்குறதில்ல," என்றார் அவர் தரையைப் பார்த்து. "மிதிச்சா தானா இறுகிரும்."

"காலையில 'இறுக்காம விட்டிருக்காங்க'ன்னு என்கிட்ட சொன்னது?"

செயலாளர் எழுந்தார். "மேடம், அவரு அதிர்ச்சியில ஏதோ..."

"உக்காருங்க. உங்க முறை வரும்." இன்ஸ்பெக்டரின் குரல் உயரவில்லை. ஆனால் செயலாளர் உட்கார்ந்தார். "ஆறரைக்கு மூணாவது வளைவு. ஆறே முக்காலுக்குள்ள நாலாவது வளைவு. போன் வந்தது ஏழு பத்துக்கு. நடுவுல இருக்கிற நேரத்துல அந்தப் பொண்ணு ரோட்டுல கிடந்தா. அவ பக்கத்துல உக்காந்து ஒருத்தர் இந்த ஃப்ரீவீலக் கழட்டிட்டு இருந்திருக்கார்."

தாயின் கை வாயைப் பொத்தியது.

"ஜீப்பு பின்னாலேருந்து இடிச்சிருக்கு. சக்கரம் பின்பக்கமிருந்து உள்ள மடங்கியிருக்கு. அத மறைக்கணும். என்ன செய்யலாம்? சாமான் ஒண்ணு கழண்டு விழுந்துச்சுன்னு சொல்லலாம். மாட்டுனவ தலையில பழியப் போடலாம். அவ சொந்த அக்கான்னா இன்னும் வசதி, அவளே தன்னச் சந்தேகப்படுவா. யோசனை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா யோசிச்சவருக்குச் சைக்கிள் தெரியல. இறுக்காத நட்டு கழண்டு போயிரும்ங்கிறது லாரிச் சக்கரத்துக்குச் சரி. ஃப்ரீவீலுக்குத் தனி நட்டே கிடையாது. மிதிக்கிற காலே இறுக்கிரும்."

"சைக்கிள் தெரியாதவன் எப்படி மேடம் கழட்டுவான்?" செயலாளர் சிரிக்கப் பார்த்தார். "தெரிஞ்சவரு பக்கத்துலதானே நிக்கிறாரு. ஜீப்ப ஓட்டுனதும் அவர்தான்னு அவரே சொல்லிட்டாரே."

"ரெண்டு பள்ளத்துக்கு ரெண்டு பல்லுன்னு டூல் பாக்ஸ்ல தேடி எடுக்க, ஸ்பேனர் பிடிச்ச எந்தக் கைக்கும் தெரியும். கழட்டுன கை யாருதுன்னு நானும் யோசிச்சேன். மாஸ்டரோ, இல்ல இந்த மெக்கானிக்கோ கழட்டியிருந்தா எத எடுத்திருப்பாங்க?" இன்ஸ்பெக்டர் சீட்டுப் பையைத் தூக்கிக் காட்டினார். கொக்கியைத் திறந்து, துணியை உதறி, சன்னமான எஃகு வளையத்தை மேஜையில் போட்டார். அது 'ணங்' என்றது. "சரியான ரிமூவர் அந்த சைக்கிள்லயே இருந்துச்சு. சீட்டுக்கு அடியில. கைய நீட்டுனா கிடைக்கும். பையில போடச் சொன்னதே மாஸ்டர். கொக்கியில தூசு கலையல. யாரும் அதத் தொடல. அதுக்குப் பதிலா ஜீப்புலேருந்து தடிச்ச ரிமூவர எடுத்து, முட்டிப் பார்த்து, நட்டக் கழட்டி, ஸ்பேசரக் கழட்டி, நெம்பி, மறுபடி எல்லாத்தையும் மாட்டி, லாரி போல்ட்ட இறுக்குற மாதிரி இறுக்கியிருக்கார். அச்சே சுத்தல. பத்து வருஷ லாரிப் பழக்கம் இருந்தா, போதும்னு மூளை சொன்னாலும் கை நிறுத்தாது. நான் வந்தப்ப மாஸ்டர் ரோட்டுல நின்னாரு, ஜீப்பு இல்ல. அத ஓட்டிட்டுப் போனது வேற ஆள். பை இருக்குறது தெரியாதவர், லாரிக் கை, ஜீப்பு சாவி வெச்சிருக்கிறவர். இந்தக் கிளப்புல அப்படி ஒருத்தர்தான். நீங்கதான் ஓட்டுனீங்க. நீங்கதான் கழட்டுனீங்க."

"ஆதாரம்?" என்றார் செயலாளர். மீசைக்கு மேல் வியர்வை.

ஏட்டு வாசலுக்கு வெளியே கையை விட்டு ஒரு வளைந்த கம்பித் தடுப்பை இழுத்து உள்ளே போட்டார். "உங்க லாரி ஷெட்டுக்குப் பக்கத்து வெல்டிங் கடை. 'அவரே கொண்டாந்து போட்டாரு, உடனே அறுத்துரச் சொன்னாரு'ன்னு கடைக்காரர் சொல்றாரு. அவருக்குக் கரண்டு இல்லாமப் போச்சு. நமக்கு நல்ல நேரம்." கம்பியில் சைக்கிளின் நீல பெயிண்ட் கோடாக ஒட்டியிருந்தது.

மாஸ்டர் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார்.

"போன்ல பேசிக்கிட்டே ஓட்டுனாரு," என்றார். "நான் பக்கத்துல இருந்தேன். ஆம்புலன்ஸக் கூப்பிடலாம்னு சொன்னேன். 'முதல்ல இத முடிப்போம், அப்புறம் கூப்பிடு'ன்னாரு. வீடு, வேலை எல்லாம் ஞாபகப்படுத்துனாரு. நான்... நான் சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டேன். முடிஞ்சதும் அவரு ஜீப்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு, அப்புறம்தான் போன் பண்ணினேன்."

"பை இருக்குன்னு சொல்லல?"

"சொல்லல. இறுக்காம விட்டதா அவரு சொல்லச் சொன்னப்பவும், அது நடக்காதுன்னு சொல்லல. யாராவது கண்டுபிடிப்பாங்கன்னு நெனச்சேன் மேடம். தெரிஞ்சவங்க பார்த்தா ஒரு நிமிஷத்துல புரியும்னு..."

"கண்டுபிடிக்கட்டும்னு பொய்ய ஓட்டையோட சொன்னீங்க." இன்ஸ்பெக்டர் அவர் முன்னால் போய் நின்றார். "தைரியத்த அடுத்தவன் வந்து காட்டட்டும்னு. அந்தப் பைய அவர்கிட்ட நீட்டியிருந்தாக்கூட வேலை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அந்த அஞ்சு நிமிஷமும் பாவம்தான். ஆனா டாக்டர் கேட்ட இருபது நிமிஷம் மிஞ்சியிருக்கும். நீங்க சத்தமில்லாம நல்லவரா இருந்த நேரத்துலதான் அவ செத்துப்போனா."

"முனகுனாளா?" தாய் கேட்டாள். இத்தனை நேரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.

மாஸ்டர் முழங்கால்களுக்கு நடுவே முகத்தைப் புதைத்தார். அவள் மறுபடியும் கேட்டாள். "எம்பொண்ணு முனகுனாளாய்யா?"

"முனகுனா."

தாய் அவரைப் பார்த்தாள், செயலாளரைப் பார்த்தாள். வசவு எதுவும் வரவில்லை. "கூட்டிட்டுப் போயிருங்கம்மா," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "இங்க நிறைய இரும்பு இருக்கு. என் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு."

ஏட்டு இருவரையும் வெளியே கொண்டுபோனார்.

மெக்கானிக் மேஜையருகே வந்து, சக்கரத்தின் அச்சில் கை வைத்தாள். "மேடம், இத மட்டும் சரி பண்ணிடட்டுமா? லாக் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினா போதும்."

"முடியாதும்மா. கோர்ட்டுக்குப் போகணும்."

"இப்படியே போனா, இது நான் செஞ்ச வேலைன்னு பாக்குறவங்க நெனப்பாங்க."

இன்ஸ்பெக்டர் சக்கரத்தில் கட்டியிருந்த அட்டையை எடுத்து, வழக்கு எண்ணுக்குக் கீழே ஒரு வரி எழுதிக் காட்டினார். 'அச்சை இறுக்கியது மெக்கானிக் அல்ல.' அவள் படித்துவிட்டுத் தலையசைத்தாள். இன்ஸ்பெக்டர் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

பட்டறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். தாய் மூத்தவளின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ கேக்கவே இல்லயேம்மா. யார் யாரோ சொன்னதக் கேட்ட. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? 'இது எப்படிடி கழலும்'னு ஒரு வார்த்தை?"

"இப்ப கேக்குறேன்," என்றாள் தாய். "சொல்லு."

மகள் சுவரோரம் சாய்த்திருந்த இன்னொரு பழைய சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, தாயின் மடியில் தொப்பென்று வைத்தாள். மென்மையாக வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இதுவும் மலை ஏறுன வண்டிதான். இதையும் கையாலதான் மாட்டினேன். கழட்டு பாக்கலாம்."

தாய் பற்களைப் பிடித்தாள். கிரீஸ் விரலிடுக்கில் ஏறியது. முன்பக்கம் அழுத்தினாள், சக்கரமே சேர்ந்து திரும்பியது. பின்பக்கம் திருப்பினாள்.

டிக் டிக் டிக் டிக்.

அவள் கை ஒரு கணம் நின்றது. தெருமுனையில் தினம் கேட்ட சத்தம். பிறகு பலம் கொண்ட மட்டும் திருப்பினாள், மறுபடியும், மறுபடியும், உதட்டைக் கடித்துக்கொண்டு, யாரையோ உலுக்குவதுபோல. பற்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. உள்வட்டம் ஓர் இம்மியும் அசையவில்லை.

"வரலடி," என்றாள் மூச்சு வாங்க.

"வராதும்மா."